அதிகுளிர் வாயுவும் அநந்தமும்

நீர் குளிர்ந்து பனிக்கட்டியாவதை யாவரும் கண்டிருக்கின்றோம். ஒரு குறித்த உஷ்ணநிலை வரையில் அது நீர். அதற்குக் கீழே கட்டி. நீரென்றும் கட்டியென்றும் சொல்லவொண்ணாத இடைப்பட்ட பொருளொன்று அங்கில்லை. இவ்வாறு திடீரென நேரும் நிலைமாற்றத்தை வெறுங் கணிதத்தால் வருவிக்க முயன்ற பௌதிக சாஸ்திரிகள் எய்திய இடர்ப்பாடு என் உள்ளத்தை நெடுநாள் பற்றி நின்றது. அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

1924-ஆம் ஆண்டில் டாக்கா நகரில் ஆசிரியராயிருந்த சத்யேந்திரநாத் போஸ் என்பார், ஒளித்துகள்களை எண்ணுதற்குப் புதியதொரு முறை வகுத்து ஐன்ஸ்டைனுக்கு எழுதியனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிட்டதோடு அமையாது, அம்முறையை வாயுவின் அணுக்களுக்கும் பொருத்தினார். ஒத்த அணுக்களை இது வேறு, அது வேறு எனப் பிரித்தெண்ணலாகாது என்பதே அதன் உயிர்நிலை. அவ்வாறு எண்ணினால், வாயு குளிருந்தோறும் மேற்படிகள் ஓரளவு அணுக்களையே தாங்கும்; எஞ்சியவை யாவும் அடிப்படியில் வந்து குவியும். அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கவேண்டுவதில்லை. எண்ணும் முறை ஒன்றே இக்குவியலை விளைவிக்கின்றது! முதன்முதல் இதனைப் படித்தபோது நான் இதனை நம்பவில்லை.

நம்பாதார் வேறொருவரும் இருந்தனர் என்று பின்னர் அறிந்தேன். 1927-இல் ஊலன்பெக் என்னும் டச்சு இளைஞர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். ஐன்ஸ்டைன் படிப்படியாகக் கூட்டவேண்டியதைத் தொடர்ச்சியான பரப்பாக மாற்றிக்கொண்டார். அஃதாவது படிக்கட்டைச் சாய்தளமாக்கிவிட்டார். படிகளைப் படிகளாகவே வைத்துக் கூட்டினால் எல்லாம் மெல்ல மெல்ல மாறுமேயன்றித் திடீர் மாற்றம் எங்கும் தோன்றாது என்பது அவர் வாதம். கணிதத்தில் இவ்வாதம் பழுதற்றது. இதற்கு விடை 1937-இல், வான் டெர் வால்ஸின் நூற்றாண்டையொட்டி ஆம்ஸ்டர்டாமிற் கூடிய அறிஞர் அவையிற் பிறந்தது. அணுக்களின் தொகையும் கலத்தின் கொள்ளளவும் ஒரே விகிதத்தில் எல்லையின்றி வளர்வதாகக் கொண்டால் மட்டுமே மாற்றம் கூர்மையாகும் என்று கிராமர்ஸ் எடுத்துக்காட்டினார். மறுவருடமே ஊலன்பெக் தம் ஆட்சேபத்தை விட்டொழித்தார்.

எனக்கோ ஐயம் தீர்ந்தபாடில்லை. அநந்தமான அணுக்களை வைத்திருப்பார் யார்? அங்ஙனமாயின் நிலைமாற்றம் என்பது ஏட்டில் மட்டும் உள்ளதோ? இதனைத் தெளியவேண்டி, எப்பக்கமும் ஒரே அளவாக அணுக்களை அடைத்துவைக்கும் பொறியொன்றைப் பாவித்துக் கூட்டலைப் படிபடியாகவே செய்து பார்த்தேன். முதற்படியில் 1 இடம், அடுத்ததில் 3, பின்னர் 6, பின்னர் 10 என இடங்கள் பெருகும். பத்து அணுக்களுக்கு வரைந்த கோடு குன்றின் சரிவுபோலக் குழைந்து சென்றது. ஆயிரம் அணுக்களுக்கு வளைவு தெளிவாயிற்று. குவியல் தொடங்கும் உஷ்ணநிலை அநந்தக் கணக்கு கூறுவதினும் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு தாழ்ந்திருந்தது. பத்து லட்சத்திற்கு அவ்வேறுபாடு நூற்றுக்கு 1 பங்கினும் குறைந்தது. அநந்தம் என்பது பொய்யன்று, அருகிலுள்ளதொரு மைல்கல்லே என்று அன்று எனக்குப் புலனாயிற்று.

கெல்வின் ஒன்றை நூறு கோடியாகப் பகுத்தால் வருவது ஒரு நானோகெல்வின். 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் போல்டர் நகரில், கார்னெல், வைமன் என்னும் இருவரும் தம் குழுவினரோடு ருபிடியம் வாயுவைச் சுமார் 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்தபோது இக்குவியல் கண்ணுக்குப் புலனாயிற்று. அதில் இருந்தவை ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்களே. போஸ் அதனைக் காண இருந்திலர். அவர் 1974-இற் காலமாயினார்.

இதுகாறும் கூறியது ஒன்றையொன்று தொடாத அணுக்களின் கதை. அவை ஒன்றையொன்று தள்ளத் தொடங்கின் கணக்கு கடினமாகும். லேசர் ஒளியாற் சமைத்த பின்னலின் குழிகளில் அணுக்களை நிறுத்தி, குழிக்குக் குழி தாவும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், தங்குதடையின்றி ஓடிய மிகைப்பாய்மம் திடீரெனக் குழிக்கொன்றாக உறைந்து நிற்கும். ஆராய்ச்சியாளர் 2002-இல் மியூனிக் நகரில் இதனைக் கண்டனர். இம்மாற்றத்தை உண்டாக்குவது வெப்பமன்று. தள்ளுதலுக்கும் தாவுதலுக்கும் உள்ள போட்டியே.

இதனைக் கணிக்க எளிய வழி, ஒவ்வோர் அணுவும் தன் அயலாரைத் தனித்தனியே நோக்காது அவர்களுடைய சராசரியை மட்டும் நோக்குவதாகக் கொள்ளுதல். அவ்வழி, தள்ளும் வலிமை தாவும் வலிமையைப்போல் ஏறக்குறைய 35 மடங்காகும்போது மாற்றம் நேரும் என்கின்றது. கணிப்பொறியில் தற்செயல் எண்களைக் கொண்டு நடத்தும் மான்டி கார்லோ முறையோ 29.3 என்கின்றது. இத்துணை எளிய வழி இவ்வளவு அருகில் வருவது வியப்பே. காரணம், முப்பரிமாணப் பின்னலில் ஒவ்வோர் அணுவுக்கும் அயலார் அறுவர். அறுவரின் சராசரி ஓரளவு நம்பத்தக்கது. அணுக்களை ஒரே வரிசையாக நிறுத்தினால் அதே வழி 12-ஐ ஒட்டிய விடை தருகின்றது. உண்மை விடையோ 4-க்கும் குறைவு. அங்கே அயலார் இருவரே. ஒருவர் சற்று அசைந்தாலும் சராசரி சிதைந்துபோகின்றது.