நாம் யார் பக்கம், அத்தா?

2024 செப்டம்பர் 26, வியாழன் இரவு. இஷா தொழுதுவிட்டுத் திருத்தணியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். ஐ.எஸ்.எல். கால்பந்தில் சென்னையின் எஃப்சியும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மோதின. “நாம் யார் பக்கம், அத்தா?” என்று மகன் கேட்டான்.

அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. 1891இல் கொல்கத்தாவில் தோன்றிய முகமதன், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்று, ஆங்கிலேயர் ஆட்சியில் முஸ்லிம்களைத் தலைநிமிரச் செய்த அணி. அவ்வரலாற்றை அவனுக்குச் சொல்லி வளர்த்தவனே நான்தான். ஆயினும், “நம் அணி சென்னை” என்றேன். பிறந்த மண்ணின் மீதான பற்றை மார்க்கம் மறுப்பதில்லை.

முதல் ஆட்டத்தில் ஒடிசாவை அதன் மைதானத்திலேயே 3-2 என வென்ற நம் அணி, அந்த ஆண்டுதான் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்த முகமதனிடம் சென்னையில் 0-1 எனத் தோற்றது. வெளியூரில் வேகம் காட்டும் நம் வீரர்கள், சொந்த ஊரில் ஏனோ தளர்ந்துவிடுகிறார்கள். எளிய எதிரி என்று யாரையும் எண்ணலாகாது. முதல் வெற்றியின் பெருமிதம் கண்ணை மறைத்துவிடும் என்பதே என் கருத்து. எனினும், இரண்டு ஆட்டங்களைக் கொண்டு ஒரு பருவத்தைத் தீர்மானிப்பதும் அவசரமே. 2015இலும், 2017-18 பருவத்திலும் கோப்பை வென்ற அணி இது, பொறுமை காப்போம்.

ஆட்டம் முடிந்ததும் மகன் கலங்கிய குரலில், “நாம் தோற்றுவிட்டோம், அத்தா” என்றான். தோல்வி வருத்தியது. ஆனால் அவன் சொன்ன அந்த ‘நாம்’ என் மனத்தை நிறைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.