நிறுத்தச் சொன்னால் கேட்காத பெட்டி

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை தாண்டினால் சின்னக்கானல். 2023 ஏப்ரல் 29-ல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி லாரியேற்றிய ஊர். நான் போனது வேறொரு ரேடியோவுக்காக. "சின்னக்கானல்ல ஒரு பெரியவர் இன்னும் மோர்ஸ் அடிக்கிறார். இப்ப கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார், போய்ப் பாரு" என்று தேனி நண்பர் சொல்லியிருந்தார்.

பெரியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர். மகன் மலையிறங்கித் தந்தி ஆபீஸில் சேர்ந்தார். அதிகம் அடித்தது ஏலக்காய் விலையும் சாவுச் செய்தியும்தானாம். பிறகு டெலிபிரிண்டர் வந்தது. 2013 ஜூலை 15-ல் பி.எஸ்.என்.எல். தந்திச் சேவையையே மூடியபோது அவர் ஓய்வுபெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. விரல் அடங்கவில்லை. ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வலது கை நடுங்கத் தொடங்கியது. பேரன் ரேடியோவை லேப்டாப்போடு இணைத்துக் கொடுத்தான். தட்டச்சு செய்தால் போதும், புள்ளியும் கோடுமாகப் பெட்டியே அனுப்பிவிடும்.

"அனுப்புது தம்பி. நிறுத்தச் சொன்னாத்தான் கேக்க மாட்டேங்குது."

கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒரு கட்டளைக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு இருக்கிறது. கென்வுட் ரேடியோவில் 24, ஐகாமில் 30. யேசு கம்பெனியின் பல மாடல்களில் நினைத்ததை அனுப்பவே வழியில்லை, முன்பே பதிந்துவைத்த செய்தியை ஓடவிடலாம், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் 24 எழுத்து போக 24 விநாடி. என் எதிரிலேயே ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினார். கையால் அடித்திருந்தால் எட்டுப் புள்ளி தட்டித் தப்பென்று சொல்லிவிட்டுத் திருத்தியிருப்பார். அந்த எட்டுப் புள்ளிக்குக் கீபோர்டில் சாவியே இல்லை! நிறுத்தும் கட்டளை சில பெட்டிகளில் உண்டு. அவருடையதில் தேடினோம், அகப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பெட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுத்தால் என்ன என்று பேரனைக் கேட்டேன். சிரித்தான். 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி விநாடி. கட்டளை கம்பியில் ஓட ஒரு நேரம், ரேடியோ அதைப் புரிந்துகொள்ள ஒரு நேரம், நடுவில் விண்டோஸ் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒரு புள்ளி நீளும், அடுத்தது குறுகும். கேட்கிறவர் காதில் மோர்ஸ் நொண்டும். ஆகவே நேரக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் குட்டிக் கீயர் ஒன்றை வாங்கி இடையில் மாட்டியும் பார்த்திருக்கிறான். போர்ட், பாட் என்று மேலும் விளக்கினான். தலையாட்டி வைத்தேன்.

அதற்கு முன்பு ஒரு வியாபாரியிடம் அவன் ஏமாந்த கதை தனி. ஒரு டிரான்சிஸ்டர், ரெண்டு முழம் வயர். அதற்கு 'இன்டர்ஃபேஸ்' என்று பேர் வைத்ததும் விலை எங்கேயோ போய்விடுகிறது. இலை பறிப்பவள் கூலிக்கும் டீத்தூள் விலைக்கும் நடுவே யார் நிற்கிறார்களோ, அவர்களின் பங்காளிகள்தான் இங்கேயும். மலைக்காரன் கேட்க மாட்டான் என்ற தைரியம்.

பெரியவர் மேசை இழுப்பறையிலிருந்து கையால் மோர்ஸ் அடிக்கும் பித்தளைச் சாவியை எடுத்தார். கறுப்புக் குமிழ் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஒரு தாளைச் செருகி எடுத்து இடைவெளியைச் சரிபார்த்தார். கீயர் ஒழுங்காக அடித்த முதல் நாள், தூத்துக்குடியிலிருந்து முப்பது வருஷப் பழக்கமுள்ள ஒருவர், "யாரு, பேரனா?" என்று கேட்டாராம். பெரியவர் தன் பெயரின் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார். பெட்டி இழுக்கவில்லை. கைவாகு போய்விட்டது.

பேச்சு பெட்டிமுடிக்குப் போனது. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் மாண்டார்கள். மின்சாரமில்லை, செல்போன் இல்லை, வெளியே தெரிய விடிந்துவிட்டது. "கார் பேட்டரி இருந்தா ரேடியோ ஓடும். இந்த லேப்டாப்புக்கு அப்ப யாரு சார்ஜ் போடுவா?" என்றார். பேரன் பதில் சொல்லவில்லை.

மாத்திரை போட்டபின் அரைமணி நேரம் கை நிற்குமாம். அந்த அரைமணியில் லேப்டாப்பை மூடிவிட்டுச் சாவியில் உட்கார்ந்தார். நடுக்கத்தில் ஒன்றிரண்டு புள்ளி கூடிப்போனது, எட்டுப் புள்ளி தட்டித் திருத்தினார்.

உரிமம் இல்லாத நான் அனுப்பக் கூடாது. பயிற்சி பஸ்ஸரைத் தந்தார். ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். என் பெயரை அடித்தேன். "இடைவெளியே விடல தம்பி, எல்லாம் ஒரே எழுத்தாக் கேக்குது" என்றார்.