ஹாரன் அடித்தது நான்தான்

சைக்கிள்காரர்கள் என் காருக்கு ஒதுங்குவதை மரியாதை என்றே பல வருஷம் எடுத்துக்கொண்டேன். பயத்தில் ஒதுங்குகிறார்கள் என்று தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி இருப்பது வசதியாக இருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற வழியில் செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலம். இங்கே மண் ஓரம் கிடையாது. ஒதுங்கு என்றால் கைப்பிடிச் சுவரில்தான் போய் முட்ட வேண்டும். அன்று எனக்கு முன்னால் ஒரு நெசவாளி. கேரியரில் துணி சுற்றிக் கட்டிய பாவு நூல், முன்பாரில் குட்டி சீட், அதில் ஒரு பெண் குழந்தை. எதிரே செய்யாறு சிப்காட் பக்கமிருந்து ஒரு லாரி. அது கடக்கும்வரை பின்னாலேயே வந்திருக்கலாம். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே சந்தில் புகுந்தேன்.

முன்பாரில் உட்காரும் பிள்ளை ஹேண்டில்பாரைத்தான் பிடித்திருக்கும். பின்னால் அலறல் கேட்டால் திரும்பும். பிடித்த கை ஹேண்டிலையும் சேர்த்து இழுக்கும். அப்படித்தான் ஆனது. எச்சரிக்கை என்று நான் அடித்த ஹாரன்தான் அந்தச் சைக்கிளை ஆட்டிவைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். காலை ஊன்றி, சுவரோடு சாய்ந்து, ஒரு கையால் குழந்தையை அணைத்திருந்தார். பாவு தரையில் கிடந்தது. ஒரு பாவில் மூன்று சேலை நெய்வார்கள். அது தூசியில் விழுந்தால் என்ன ஆகும் என்று காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் நிறுத்தவில்லை. ஆள் கூடிவிடுமே என்ற பயம். வீட்டுக்கு வந்து, “குழந்தைய வெச்சிக்கிட்டு நடுரோட்டுல ஆடி ஆடி வரான்” என்றேன். இத்தனையிலும் கேவலம் அந்த வாக்கியம்தான்.

பொறுமையே இல்லாதவன் இல்லை நான். 2019-இல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 48 நாள் எழுந்தருளிக் கூட்டம் நெரிந்தபோது காரை வீட்டில் விட்டு நடந்தேன், முணுமுணுக்கவில்லை. வைகாசி கருட சேவைக்கும் அப்படியே. லாரிக்கும் வழிவிடுவேன், நசுக்கிவிடுமே! என்னை ஒன்றும் செய்ய முடியாத வண்டி சைக்கிள். அதனிடம்தான் என் அவசரமெல்லாம்.

ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அந்தக் கணக்குப்படி எதிரே வண்டி வரும்போது செவிலிமேட்டுப் பாலத்தில் தாண்டவே வழியில்லை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர மோட்டார் வாகனத்தில் ஏற்றினால் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று நம் மத்திய அரசும் 2022-இல் விதி கொண்டுவந்தது. பேரனை ஸ்கூட்டரில் கூட்டிப் போகையில் அதைக் கறாராகப் பார்ப்பவன் நான். அடுத்தவர் பிள்ளையை உரசிக்கொண்டு போனபோது என் வேகமுள் எங்கே இருந்தது என்று பார்க்கக்கூட இல்லை.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். பாலத்தில் பொறுக்கிறேன். பாலம் இறங்கினதும், பிள்ளையை ஏற்றிக்கொண்டு யாராவது மிதித்துப் போனால், கை ஹாரனுக்குப் போகிறது. தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிய சைக்கிள் பிள்ளையோடு மறுபடி ஏறுவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தும் போகிறது. சில நாள் கையை எடுத்துவிடுகிறேன். சில நாள் அடித்துவிடுகிறேன்.