ஒன்பது வாட் தாய்க்கோழி

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பெருக்குவான்.

ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சு. ஒன்று நாற்பது ரூபாய். அஞ்சாறு மாசத்தில் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. அதில் பாதி பெட்டை, பெட்டை முட்டையிடும், முட்டை குஞ்சாகும்... இப்படிப் பெருக்கிக்கொண்டே போனதில் ராத்திரி பதினோரு மணிக்குள் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடி வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டேன். கால்குலேட்டரில்தான்.

"தீவனச் செலவு?" என்றாள் மனைவி.

"கழிச்சாச்சு."

"செத்துப் போறது?"

"அதையும் கழிச்சாச்சு. நார்மல் லாஸ் அஞ்சு பர்சன்ட்."

காஸ்ட் அக்கவுன்டன்சி படித்த சகோதரர்களுக்கு ஞாபகம் இருக்கும். எதிர்பார்த்த சேதம் நார்மல் லாஸ். அதை மீதிச் சரக்கின் விலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எதிர்பாராத சேதம் அப்நார்மல் லாஸ். அதற்குத் தனிக் கணக்கு எழுதி, நேராக லாப நஷ்டக் கணக்கில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான்.

ஏன் இந்தக் கோழி ஆசை என்று கேட்கிறீர்களா? சென்னையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ், ஒருநாள் அந்தக் கணக்குப் பிரிவையே மூடிவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்தோம். இப்போது பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். ஊரில் யாரிடமாவது அப்படிச் சொன்னால், "அது சரி தம்பி, வேலை என்ன பாக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். ஜூன் மாதம் மகளுக்கு மூன்றாம் வகுப்பு ஃபீஸ் கட்ட வேண்டும். ஸ்கூலில் துணுக்கு வாங்கிக்கொண்டு ரசீது தர மாட்டார்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு ராசி உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுத்த ஊர்க்காரன் அட்டைப் பெட்டியில் இரண்டாயிரம் ரூபாய் போட்டால் தப்பா?

அட்டைப் பெட்டி என்றது உவமை இல்லை. டி.வி. வந்த பெட்டி. அதில் பேப்பர் விரித்தேன். அடுத்தது பல்பு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குப் பல்புதான் தாய் என்று எங்கேயோ படித்திருந்தேன். கடைக்காரர், "குண்டு பல்பெல்லாம் இப்ப யார் சார் வாங்கறா? எல்.இ.டி. எடுத்துக்குங்க. ஒன்பது வாட்தான், அறுபது வாட் பல்புக்குச் சமம்" என்றார். அட்டையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான கரண்ட்! பி.காம். மூளை குதூகலித்தது. வாங்கி வந்து மாட்டினேன். கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம்.

கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஓட்டை போட்ட பெட்டியில் ஐம்பது பஞ்சு உருண்டைகள் பஸ்ஸில் வந்து இறங்கின. மகள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணி உள்ளே விட்டாள். சாயங்காலம் வரை விளையாட்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. சாதாரண 'கீச்' இல்லை. விடாமல், ஒரே சுருதியில்.

"அப்பா, அதுங்களுக்குக் குளிருதாப்பா?"

"புது இடம் இல்ல, அப்படித்தான் கத்தும். லைட் எரியுது பாரு. நீ தூங்கு."

நானும் தூங்கிவிட்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

காலையில் பெட்டியின் ஒரு மூலையில் குவியல். மேலே கிடந்தவை தள்ளாடி எழுந்தன. அடியில் கிடந்தவை எழவில்லை. குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டிச் செத்திருந்தன. பல்பு மட்டும் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

மகள் அழவில்லை. எண்ணினாள். "முப்பத்து மூணுப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னேன்ல?" என்றாள்.

பதினேழையும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். மண்ணைத் தள்ளும்போது நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிப்படல் மேலே எட்டிப் பார்த்தார். இன்சுலேட்டர் செய்கிற பட்டறையில் முப்பது வருஷம் சூளை எரித்தவர். எங்கள் ஊர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பீங்கான் ஊர். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று செய்து அனுப்புகிற பட்டறைகள், பீங்கான் படிப்புக்கென்றே அரசாங்கம் தனியாக ஒரு கல்விக்கூடம். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு ஏற்றத் தெரிந்த ஊர். அங்கே ஐம்பது குஞ்சைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரே ஆள், அடியேன்.

பெரியவர் வந்து பெட்டிக்குள் கையை நீட்டினார். "என்னா தம்பி, இது வெளிச்சந்தான வருது? அனல் எங்க?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் கணக்கு குப்புற விழுந்தது. பழைய குண்டு பல்பு தின்கிற கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகத்தான் வெளியே போகும். மிச்சம்தான் வெளிச்சம். வீண் என்று சொல்லித்தான் உலகமே அதை ஓரங்கட்டியது. குஞ்சுக்கு வேண்டியதோ அந்த வீண்தான். சமம் என்று அட்டையில் போட்டிருந்ததும் பொய் இல்லை. வெளிச்சத்துக்குச் சமம். நான்தான் எதற்குச் சமம் என்று கேட்கவில்லை. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்பது கோழிக்காரர்கள் கணக்கு. ஐம்பதுக்கு நூறு. நான் கொடுத்தது ஒன்பது.

அன்றைக்கே பழமலைநாதர் கோயில் பக்கம் ஒரு பழைய எலெக்ட்ரிக்கல் கடையில் தூசி தட்டி இரண்டு அறுபது வாட் குண்டு பல்பு எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் ஹோல்டர் இளகி நாற்றம். "பீங்கான் ஊர்ல இருந்துகிட்டு பிளாஸ்டிக் ஹோல்டரா?" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு, அவர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பீங்கான் ஹோல்டர் கொண்டுவந்தார்.

அப்புறம் பெட்டியைக் கிழித்தோம். மூலை இருந்தால் குஞ்சு மூலையில்தான் போய் அடையும், அங்கேதான் நசுங்கும். அதனால் அட்டையை நீளமாக ஒட்டி, நாலடி அகலத்துக்கு வட்டமாக வளைத்து, ஒன்றரை அடி உயரத்தில் வேலி. தரையில் இரண்டு அங்குலம் மல்லாட்டைத் தோல் (வெளியூர் அன்பர்களுக்கு, நிலக்கடலைத் தோல்). வி.ஆர்.ஐ. என்று பெயர் வைத்துக் கடலை ரகங்கள் வெளியிடுகிற ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் தோலுக்கா பஞ்சம்? முதல் இரண்டு நாள் அதன்மேல் பேப்பர், அதில் உடைத்த மக்காச்சோளம். தண்ணீரில் கொஞ்சம் வெல்லம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு நிரப்பியது என் மகளின் யோசனை. இல்லாவிட்டால் தட்டில் விழுந்து நனைகின்றன. நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்க வேண்டும் என்று படித்து, தெர்மாமீட்டர் வாங்கப் புறப்பட்டேன். பெரியவர் தடுத்தார்.

"சூளைக்குள்ள கோன்னு ஒண்ணு வைப்போம் தம்பி. சின்னக் கூம்பு. மீட்டர் எவ்வளவு வேணா காட்டட்டும், கோன் சாஞ்சாத்தான் சரக்கு வெந்துதுன்னு அர்த்தம். உங்களுக்குக் குஞ்சுதான் கோன். பல்படியில குமிஞ்சா குளிரு. வாயப் பொளந்துகிட்டு ஓரத்துக்கு ஓடினா அனல் ஜாஸ்தி. பரவலாப் படுத்தா சரி. அதுங்க சொல்றதைக் கேளுங்க."

(அந்தக் கோனை 1886-இல் ஜெர்மனியில் ஹெர்மன் சீகர் என்பவர் கொண்டுவந்தார் என்று பிற்பாடு படித்தேன். எகிப்தில் இன்னும் பழைய கதை. மண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தவர்கள், முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தே சூடு சொல்வார்களாம்.)

அதுங்க முதல் ராத்திரியே சொல்லியிருந்தன. ஒருத்தி கேட்டுவிட்டு வந்து என்னிடமும் சொன்னாள். நான்தான் லைட்டைக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி மழையில் எங்கேயோ கிளை விழுந்து கரண்ட் போய்விட்டது. அரை மணி தூரத்தில் நெய்வேலி. 1962-லிருந்து மின்சாரம் எடுக்கிற ஊர். விளக்குக்கு அடியில்தானே இருட்டு! எனக்குக் கை நடுங்கிவிட்டது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கொல்லை விறகடுப்பைப் பற்றவைத்தாள். மகள் அந்த இருட்டில் வேலிப்படல் பக்கம் போய், "தாத்தா!" என்று கத்தினாள்.

பெரியவர் சாக்கில் நாலு சூளைக்கல் சுமந்து வந்தார். கரியை அள்ளி உள்ளே வைத்தால் புகையே குஞ்சைக் கொன்றுவிடும் என்று, கல்லை அடுப்பில் சுட்டு, சாக்கில் இரண்டு சுற்று சுற்றி, வட்டத்துக்கு நடுவே வைத்தார். மேலே பாதிக்குப் பழைய போர்வை. இரண்டு கல் உள்ளே, இரண்டு கல் அடுப்பில். ஆறினால் மாற்ற வேண்டியது. விடிகிற வரை மூன்று பேரும் அதுதான் செய்தோம். ஒன்றுகூடப் போகவில்லை.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து. முப்பத்து மூன்று கண்ணிலும் விட்டு முடிப்பதற்குள் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் ஒன்று நொண்டி, ஒன்று காக்கைக்கு. இப்போது முப்பத்தொன்று கொல்லையைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. மாடி வீட்டை இடித்தாகிவிட்டது. ஃபீஸில் ஒரு தவணை தேறலாம் என்கிறது கால்குலேட்டர். நான் அதனிடம் அதிகம் பேசுவதில்லை.

சூளைக்கல் மாற்றிய அந்த ராத்திரியில் மூன்று மணி இருக்கும். கல்லை எடுத்துக்கொண்டு வந்தேன். மகள் வட்டத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, டார்ச்சை விரலால் மறைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பரவலாப் படுத்திருக்குப்பா" என்றாள் மெதுவாக. "நீ போய்த் தூங்கு. கத்தினா நான் எழுப்பறேன்."