பணம் நொடியில் போகிறது, பார்சல் கப்பலில் வருகிறது

சென்னையில் இருக்கும் ஒருவர் மதுரைக்காரரிடம் பழைய அஞ்சல்தலை வாங்கினால் இரண்டு மூன்று நாளில் கவர் கைக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் நான்காம் நாளே அவருக்குச் சந்தேகம் தட்டும். அந்தமானில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. விமானத்தில் ஏற்றினால் ஒரு கணக்கு, கப்பலில் ஏற்றினால் வேறு கணக்கு. சென்னையிலிருந்து கப்பல் வந்து சேரவே மூன்று நாள் ஆகும். வங்கக்கடலில் புயல் சின்னம் என்றால் கிளம்புவதே தள்ளிப்போகும். போர்ட்பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வந்த பார்சல், கேம்பல் பே போக இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஏமாற்ற நினைப்பவனுக்கு இது வாகான இடம். "வரும் சார், கப்பல்ல இருக்கு" என்று அவன் சொன்னால் நம்பத்தான் தோன்றும். நேர்மையான ஆளும் அதையேதான் சொல்வார்.

நான் அஞ்சல்தலை சேர்ப்பவன். வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் முகம் பார்க்காத ஆட்களோடுதான். இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பொருள் வழியில் இருக்கும் அந்த நாட்களில் பணம் யார் கையில் இருக்கிறது? விற்றவர் கையிலா, வாங்கியவர் கையிலா, இருவருக்கும் பொதுவான மூன்றாவது இடத்திலா? கட்டண வழியில் பாதுகாப்பு என்பது எனக்கு இந்தக் கேள்விக்கான பதில்தான்.

இதை அஞ்சல் துறை எப்போதோ யோசித்துவிட்டது. வி.பி.பி. என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த முறை 1877-லேயே இந்தியாவில் வந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு கார்டு போட்டால் புத்தகக் கட்டு வீடு தேடி வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துக் கட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் மணியார்டராக விற்றவருக்குப் போகும். வாங்க மறுத்தால் கட்டு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தமிழ்நாட்டில் எத்தனையோ நூலகங்கள், எத்தனையோ வீட்டு அலமாரிகள் இப்படி நிறைந்தவை. கட்டைப் பிரிக்கும் முன்பே பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது இதில் ஒரு குறை. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வி.பி.பி. பொறுப்பில்லை. ஆனாலும் பார்சல் ஊர் வந்து சேரும்வரை பணம் நம் பையிலேயே இருக்கும், தீவில் இருப்பவனுக்கு அதுவே பெரிய பலம். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், வாசலில் பணம் வசூலிக்கும் சேவை எதில் உண்டு என்று கவுன்டரில் கேட்டுவிட்டே நான் இப்போது விலை பேசுகிறேன்.

அதே யோசனையை இணையத்தில் செய்துகாட்டியது ஈபே இந்தியாவின் பைசாபே. நாம் கட்டும் பணத்தை அவர்கள் வைத்திருந்து, பொருள் வந்த பிறகுதான் விற்றவருக்குக் கொடுப்பார்கள். நாணயம், தீப்பெட்டி லேபிள், பழைய கேமரா என்று இந்தியாவில் ஒரு தலைமுறை சேகரிப்பாளர்கள் அந்நியரோடு வியாபாரம் பழகியது அங்கேதான். 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டபோது அதுவும் போயிற்று. 2021 ஏப்ரலில் பேபாலும் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திக்கொண்டது. சேகரிப்பாளர்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஃபேஸ்புக் ஏலங்களுக்கும் நகர்ந்தார்கள். அங்கே எல்லாமே "முதல்ல பணம், அப்புறம் பார்சல்". நடுவில் ஆள் கிடையாது. எனக்கு இது இன்றும் பெரிய இழப்பாகவே படுகிறது.

அந்தப் பணம் போகும் வழியாக யுபிஐ வந்தது. எங்கள் தீவில் அது தடையில்லாமல் ஓட நல்ல இணையம் வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் இங்கே இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் பணம் அனுப்பினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்கில் கழிந்திருக்கும், அந்தப் பக்கம் சேர்ந்திருக்காது. அப்படி மாட்டிய பணத்துக்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு கெடு வைத்தது: தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், கடைக்காரருக்கு அனுப்பியது ஐந்து நாளுக்குள்ளும் சரியாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். இது தெரியாமல் பதறிப்போய், தேடுபொறியில் கிடைத்த ஏதோ ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் போன் செய்து மீதியையும் இழந்தவர்கள் உண்டு.

யுபிஐ அருமையான வசதி. அபர்தீன் பஜாரில் தேங்காய் வாங்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ரொக்கத்துக்குச் சமம். போனால் போனதுதான், பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி தானாக அதைத் திருப்பித் தராது. அதனால் தெரிந்தவருக்கு மட்டும் யுபிஐ. தெரியாதவரிடம் வாங்கும்போது கார்டில் கட்டக்கூடிய தளம் இருந்தால் விலை சற்று அதிகமானாலும் அங்கேதான் வாங்குவேன். பொருள் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட வழி இருக்கிறது.

வாங்குபவருக்குத்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஜங்லிகாட்டில் ஒரு தம்பி, தூண்டில் மீன்பிடியில் பைத்தியம். தன் பழைய ரீல் ஒன்றைப் பதினெட்டாயிரத்துக்கு விற்பதாகப் படம் போட்டிருந்தான். உடனே ஆள் கிடைத்துவிட்டது. என்னிடம் போனை நீட்டினான்.

"ஆர்மில இருக்கறவராம்ணே. ஐடி கார்டு போட்டோவெல்லாம் அனுப்பிட்டாரு. பேரம்கூடப் பேசல. இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணா பணம் வந்துரும்ங்கறாரு. முதல்ல அஞ்சு ரூபாய்க்கு ஒண்ணு அனுப்பினாரு, பண்ணேன், பத்து ரூபாயாத் திருப்பி வந்துச்சு."

"இப்ப என்ன கேக்குது?"

"பின் கேக்குதுண்ணே."

திரையைப் பார்த்தேன். மேலே 18,000, அதன் கீழே 'பே' என்ற சொல், பின் போட ஆறு கட்டங்கள். "பணம் வர்றதுக்கு பின் எதுக்குடா? பின் போட்டா போறது உன் காசு" என்றேன். ராணுவ உடை, அடையாள அட்டை, ஐந்து ரூபாய் ஒத்திகை எல்லாமே நாடு முழுக்க இரண்டாம் கை விற்பனையில் ஓடும் ஒரே நாடகம். ராணுவமும் கடற்படையும் அன்றாடம் கண்ணில் படும் எங்கள் ஊரில் அந்த வேஷம் இன்னும் சுலபமாக எடுபடுகிறது. 'பணம் கொடு' என்று தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் யுபிஐ கோரிக்கையை 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் தந்திரத்துக்கு அப்படித் தடை போட முடியாது, பின் போடும் விரல் நின்றால்தான் உண்டு.

நாணயம் சேர்ப்பவர்கள் படும் பாடு இன்னும் மோசம். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆசைப்பட்டுப் பேசினால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று விற்க வந்தவரிடமே பணம் கறப்பார்கள். எங்கள் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படிச் செய்கிறார்கள், பழைய நோட்டு, நாணய விற்பனைக்கு நாங்கள் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டி வந்தது.

பொருள் வந்துசேர்ந்தாலும் கதை முடிவதில்லை. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை இந்தத் தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்தன. ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட இந்திய அஞ்சல்தலைகளின் மேல் புது விலையைக் குத்திப் பயன்படுத்தினார்கள். எங்கள் ஊர்ச் சரித்திரத்தின் துண்டு என்பதால் எனக்கு அதன் மேல் தனி ஆசை. ஆனால் தலை சாதாரணத் தலை, மதிப்பு முழுக்க மேலே குத்திய மையில். அந்த மையைப் போலியாகக் குத்துவது பெரிய வேலை இல்லை. பார்சல் வந்ததும் விற்றவருக்குப் பணத்தை விடுவித்துவிடும் ஏற்பாடு இங்கே உதவாது. நிபுணர் சான்றிதழ் வரும்வரை அவகாசம் வேண்டும். நல்ல ஏல நிறுவனங்களில் 'எக்ஸ்டென்ஷன்' கேட்டு வாங்க முடியும். அதை மறுப்பவரிடம் இந்த வகைத் தலையை எந்த விலைக்கும் நான் தொடுவதில்லை. அவகாசத்தில் தீவுக்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பொருள் வரவில்லை என்று ஈபேயின் வெளிநாட்டுத் தளத்தில் முறையிட, வந்துசேரும் என்று அவர்கள் குறித்த கடைசித் தேதியிலிருந்து 30 நாள். அந்தத் தேதி எங்கள் கப்பலைக் கேட்டுக் குறிக்கப்படுவதில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று விற்றவர் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் கெடு முடியும் முன் முறையீட்டைப் பதிந்துவிடுவேன். பார்சல் வந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும். பணம் மோசடிக்காரர் கணக்கில் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும். சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க யோசிப்பவர்களுக்காகத்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

முறையிடவே வழியில்லாத பேரமும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் என்னிடம் பவளமும் பெரிய நாட்டிலஸ் ஓடும் வாங்கி அனுப்பச் சொன்னார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட்டுவிடுகிறேன் என்றார். நேர்மையான சேகரிப்பாளர், சட்டம் தெரியவில்லை. இரண்டும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பவை. எடுத்துச் சென்றாலே வழக்கு. இதை விளக்கிவிட்டு, இன்னொன்றும் சொன்னேன்: இங்கே வேறு யாராவது "அனுப்புகிறேன்" என்று உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றுமே அனுப்பாமல் விட்டால், எந்தக் காவல் நிலையத்துக்குப் போய் எதை வாங்கப் பணம் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பீர்கள்?