ஒரே கட்டத்தில் இரண்டு தெருக்கள்

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஆசிரியை ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். சூலூருக்குக் கிழக்கே, பல்லடம் போகும் வழியில் உள்ள கரிசல்காட்டுக் கிராமம் எங்களுடையது. பெயர், வயது, மதம் என வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "தாய்மொழி?" என்று கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"தமிழ்ன்னே போட்டுக்குங்க டீச்சர்" என்றார் அப்பா. அதில் பொய் ஏதும் இருப்பதாக அவர் நினைத்திருக்கமாட்டார். கடிதம் எழுதுவது, செய்தித்தாள் படிப்பது, பால் கணக்குப் பார்ப்பது, பங்காளிகளோடு வழக்காடுவது எல்லாமே எங்களுக்குத் தமிழில்தான்.

உள்ளேயிருந்து அவ்வாவின் குரல் வந்தது. "எங்கம்மா எங்கிட்ட ஒரு நாளும் தமிழ் பேசுனதில்லீங்களே."

ஆசிரியை சிரித்தபடி 'தெலுங்கு' என்று எழுதிக்கொண்டார். அப்போது, வாசலுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலைநிமிராமலே சொன்னார்: "எங்கூட்லயும் அதேதானுங்க."

யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆசிரியை அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எங்களுக்கு மட்டும் அந்த ஒரு வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக நீங்காமல் நிற்கிறது.

கணக்கெடுப்பின் விதிப்படி, ஒருவருடைய தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழி. எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எழுத்தறியாத அவ்வா அந்த விதியைக் கேள்விப்படாமலேயே சரியாகச் சொல்லியிருந்தார். அதே விதிப்படி அந்தப் பெரியவரும் சரியாகவே சொல்லியிருந்தார். அவர் அருந்ததியர். நாங்கள் கம்மவார். ஊரின் இரு கோடிகளில் இருந்த இரு தெருக்களிலும் அடுப்படிப் பேச்சு தெலுங்காக இருந்தது. இடையில் இருந்த வீதிகளில் தமிழ்.

கொங்குநாட்டின் மக்கட்பரப்பை அறியாதவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். கோவை மாவட்டத்தில் தமிழுக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்குத் தாய்மொழியாக இருப்பது தெலுங்கு. அதன் பின் கன்னடம், மலையாளம். விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என ஆட்சிகள் மாறி, 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னரே இப்பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அந்தந்த ஆட்சியோடு அந்தந்த மொழியினரும் வந்தனர். சத்தியமங்கலம், அன்னூர்ப் பக்கத்து ஒக்கலிகர்களும், சௌடேஸ்வரியைக் குலதெய்வமாகக் கொண்ட நெசவாளர்களான தேவாங்கரும் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகாலம் 1956 வரை கோவை மாவட்டத்தின் தாலுக்காவாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பு குறையும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாளம் வந்தது. ஆனைகட்டிச் சரிவுகளில் இருளர் இருக்கின்றனர். கோயமுத்தூர் என்ற பெயரே கோவன் என்னும் இருளர் தலைவனிடமிருந்து வந்ததாக ஊர்க்கதை சொல்கிறது. 2011 கணக்குப்படி மாவட்டத்தின் 34,58,045 பேரில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெயரைக் கொடுத்தவர்கள் எண்ணிக்கையில் கரைந்துபோனார்கள்.

ஒரு மண்ணில் இன்னின்னார் இருப்பது தற்செயலாக நேர்வதில்லை. கரிசல் இருந்த இடத்தில் பருத்தி விளைந்தது. பருத்தி பயிரிடத் தெரிந்தவர்கள் அங்கே தங்கினார்கள். பருத்தி இருந்த இடத்தில் தறி இருந்தது; தறி தெரிந்தவர்கள் வந்தார்கள். மழை குறைந்த இந்த நாட்டில் கிணறு இல்லாமல் வெள்ளாமை இல்லை. கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கவலை வேண்டும். கவலைக்குத் தோல் பறி வேண்டும். பறி தைக்கவும், கிழிந்தால் ஒட்டுப்போடவும், விடியுமுன் மாடு பூட்டி இறைக்கவும் ஆள் வேண்டும். கொங்குநாட்டின் ஒவ்வொரு கிணற்றுக்குப் பின்னாலும் அருந்ததியர் குடும்பம் ஒன்று இருந்தது என்றால் மிகையாகாது. தண்ணீர் அவர்கள் கையால் வந்தது. அதே கையால் எங்கள் குடத்தைத் தொடக்கூடாது என்பதையும் அந்த ஊரே விதித்திருந்தது.

1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு மின்மோட்டார் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு அது வந்தது அறுபதுகளில். மோட்டார் வந்த ஆண்டைத் தாத்தா தன் கணக்கு நோட்டில் குறித்து வைத்திருந்தார். பறி தைத்த குடும்பம் அந்த ஆண்டில் என்ன செய்தது என்ற குறிப்பு அதில் இல்லை. பின்னாளில் தேங்காய் உரிக்கவும், சாணம் வழிக்கவும், எங்கள் வீட்டுச் சாவுகளுக்குச் சேதி சொல்லவும் வந்த அந்தப் பெரியவர், பறி தைத்தவரின் மகன்.

எங்கள் தாத்தாவைவிட இரண்டொரு வயதே இளையவர். ஆயினும் நாங்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், அவரைப் பெயர் சொல்லி அழைத்தோம். "வா, போ" என்றோம். அவர் எங்களைச் "சின்னச் சாமி" என்றார். கொட்டாங்கச்சியில் அவருக்குக் காப்பி ஊற்றிய காலத்தை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்த காலத்தில் அது ஒரு அலுமினிய டம்ளராக முன்னேறி, வாசல் சுவரின் பிறையில் தனியே கவிழ்ந்திருந்தது. அவ்வா மேலிருந்து ஊற்றுவார். அவர் குந்தி அமர்ந்து ஏந்துவார். அந்த நேரத்தில் இருவரும் மழையைப் பற்றியும், ஆட்டுக்குட்டியைப் பற்றியும், யார் வீட்டில் யாருக்குப் பேறுகாலம் என்பதைப் பற்றியும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். அவ்வாவோடு மனம்விட்டு அத்தனை நேரம் தெலுங்கு பேசியவர் ஊரில் வேறு எவரும் இல்லை.

"அவரும் நம்ம பாசைதானே அவ்வா?" என்று ஒருமுறை கேட்டோம். "அது வேற தெலுகு" என்றார் அவ்வா, சட்டென்று. எங்கள் காதுக்கு வேறுபாடு எதுவும் புலப்படவில்லை. நீரை இருவருமே 'நீள்ளு' என்றுதான் சொன்னார்கள். அந்த 'நீள்ளு' இரண்டு குடங்களில் இருந்தது என்பதே வேறுபாடு.

கணக்கெடுப்பின் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த உரையாடல் நினைவுக்கு வருகிறது. அட்டவணைக்குத் தனி வழக்கம் உண்டு. நீலகிரியின் படகர் மொழியைக் கன்னடத்தின் கீழும், சௌராஷ்டிர மொழியைக் குஜராத்தியின் கீழும், இருளர் மொழியைத் தமிழின் கீழும் அது தொகுத்துக் காட்டுகிறது. கோவை மாவட்டத் தெலுங்கர் என்று அது தரும் ஒற்றை எண்ணுக்குள் மில் முதலாளியும் இருக்கிறார். அந்த மில்லின் கழிப்பறையைக் கழுவுபவரும் இருக்கிறார். எங்கள் அவ்வாவும் பெரியவரும் ஒரே இடத்தில் சமமாக அமர்ந்த ஒரே தருணம், அந்த எண்ணாகத்தான் இருக்கவேண்டும்.

அவ்வா 2014-இல் காலமானார். ஒப்பாரி வைக்க எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெலுங்கு போதவில்லை, தமிழில்தான் அழுதார்கள். வாசலுக்கு வெளியே, வழக்கமான வேப்பமரத்தடியில் நின்று, அந்தப் பெரியவர் மட்டும் அவ்வாவின் மொழியில் அழுதார். உள்ளே வரச்சொல்லி எங்களில் ஒருவரும் அவரை அழைக்கவில்லை. அன்றைய துக்கத்தில் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையில்லை. தோன்றியது, சுற்றிலும் அமர்ந்திருந்த உறவினரை நினைத்து வாய் எழவில்லை.

அவருடைய பேரன் பொறியியல் படித்தான். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கென 2009-இல் தமிழக அரசு வகுத்த 3 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் கிடைத்தது. அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்ட்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்தோம். பேச்சுவாக்கில், வீட்டில் தெலுங்கு உண்டா என்று கேட்டோம். "தாத்தாவோட சரிங்க. நாங்க தமிழ்தான்" என்றான். எங்கள் பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். தெருக்கள் இரண்டும் ஒரே வேகத்தில் அந்த மொழியை இழந்திருக்கின்றன. இழப்பிலாவது ஒற்றுமை வந்ததே என்று மகிழ முடியவில்லை.

இதற்கிடையில் ஊரில் வேறு மொழிகள் கேட்கின்றன. விசைத்தறிக் கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார். "ஊரே வெளியூர்க்காரன் ஊராப் போச்சு" என்று எங்கள் உறவினர் ஒருவர் அங்கலாய்த்தார். தெலுங்கில் அங்கலாய்த்தார் என்பதையும் சொல்லவேண்டும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, எங்கள் ஊர்த் தறிக்கூடத்தில் இருந்த ஒடியக் குடும்பம் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனவர் யார் தெரியுமா? அருந்ததியர் காலனியிலிருந்து, எங்கள் பெரியவரின் மருமகள். அங்கே போகவேண்டும் என்று எங்கள் தெருவில் எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. 1931-க்குப் பின் முதன்முறையாக அனைவருடைய சாதியையும் அதில் எண்ணுவது என்று 2025-இல் முடிவாயிற்று. மொழிக் கட்டம் ஒன்றாகக் கூட்டியதைச் சாதிக் கட்டம் மறுபடி பிரித்துக் காட்டும். காட்டட்டும் என்றே எண்ணுகிறோம். பிறையில் கவிழ்ந்திருந்த டம்ளரை எந்த மொழிக் கணக்கும் எண்ணியதில்லை.

சென்ற பொங்கலுக்குப் பெரியவரைப் பார்க்கக் காலனிக்குப் போனோம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பார்வை மங்கிவிட்டது. பிறந்து வளர்ந்த ஊரில் அந்தத் தெருவுக்குள் நாங்கள் நுழைந்தது அதுவே முதல்முறை. பெயருக்குப் பதிலாக அன்று அவரைத் 'தாத்தா' என்று அழைத்தோம். யாரை அழைக்கிறோம் என்பது அவருக்கு உடனே விளங்கவில்லை. மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நீட்டலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு நின்றார்.

"நீள்ளு ஈயண்டி" என்றோம், எங்களுக்குத் தெரிந்த தெலுங்கில்.

பெரியவர் சிரித்துவிட்டார். உச்சரிப்பு தப்பு என்று சொல்லித் திருத்தினார். அவ்வா எப்படிச் சொல்வார் என்று சொல்லிக்காட்டினார். நாங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு முறை சொல்லிப் பார்த்தோம்.