நம் மாமாவின் பந்துக் கடிதங்கள்



2024 அக்டோபரில் இந்திய கால்பந்து அணி வியட்நாமுக்குப் போய் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ஊர் நாம் தின். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த என் பேரன், "தாத்தா, இந்த ஊர் டீம்தான் இந்த வருஷம் அங்கே லீக் சாம்பியனாம்" என்றான். "ஆமாம், 1985க்கு அப்புறம் இப்போதுதான்" என்றேன். பையன் கூகுளில் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். தாத்தாவுக்கு முந்தாநாள் சாப்பிட்டதே ஞாபகம் இருக்காதே, இது எப்படி என்று!

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டைத் தெருவில் "சைகோன்காரர் வீடு" என்பார்கள். அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோன் சுங்க இலாகாவில் குமாஸ்தா. நான் அங்கே பிறந்து, ஆறு வயதில் புதுச்சேரிக்கு வந்தவன். சித்தப்பா மட்டும் அங்கேயே தங்கி, ஒரு வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டார். 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தது. மறு வருஷம் பிரான்சு வழியாக இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் இரண்டு பெட்டி. அதில் ஒன்றில் துணிக்கு நடுவே சுற்றி வைத்த ஒரு நுவோக் மாம் பாட்டில். அந்த மீன் சாற்றின் வாசம் பெட்டியை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

தெற்கு வியட்நாமில் பிள்ளைகளை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், மூத்த பிள்ளை ஒன்று அல்ல, இரண்டு! சித்தியின் பெரிய அண்ணன் "ஹாய்", அதாவது இரண்டு. சித்தி நான்கு. தம்பி ஐந்து. ஐந்துக்கு அவர்கள் மொழியில் "நம்". அதனால் அவர் எங்களுக்கு "நம் மாமா" ஆகிவிட்டார். தமிழிலும் பொருத்தம்தானே.

நம் மாமா சைகோன் துறைமுகத்தில் எழுத்தர். சித்திக்கு வியட்நாமிய மொழியில் எழுதுவார். கடிதத்தின் அடியில் எனக்கென்று பிரெஞ்சில் பத்து வரி இருக்கும். நானும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், நானும் குமாஸ்தா, இருவருக்கும் பந்துப் பைத்தியம். பத்து வரியும் கால்பந்துதான்.

ஹாய் மாமா பழைய தெற்கு ராணுவத்தில் இருந்தவர். போர் முடிந்ததும் முகாமுக்குப் போனவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. சித்தி ஒவ்வொரு கடிதத்திலும் "அண்ணன் சுகமா?" என்று எழுதுவார். பதில் வரும். மழை பெய்ததும் வரும், மாமரம் காய்த்ததும் வரும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. கடிதத்தை வழியில் யாரோ படிப்பார்கள் என்று இரு பக்கமும் தெரியும்.

முதல் பந்துக் கடிதம் 1976 நவம்பர் 7ஆம் தேதி ஆட்டத்தைப் பற்றியது. பிரிந்திருந்த நாடு ஒன்றானபின், வடக்கிலிருந்து ரயில்வே அணி சைகோனுக்கு வந்து துறைமுக அணியோடு ஆடியது. மைதானத்தின் பெயர் தோங் ந்யாத், அதாவது ஒருங்கிணைப்பு. ரயில்வே 2-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர்கள் மாய் டுக் சுங், லே துய் ஹாய். நேற்றுவரை எதிரி நாடு. ஆனால் வடக்கத்தியான் கோல் போட்டபோதும் சனங்கள் கை தட்டினார்களாம். "நானும் தட்டினேன், பிறகு என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்" என்று மாமா எழுதியிருந்தார்.

1980இல் நாடு முழுவதற்குமான முதல் லீக் தொடங்கியது. அணிகளின் பட்டியலை மாமா எழுதி அனுப்பியபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ரயில்வே, சுங்கம், போலீசு, துறைமுகம் என்று முக்கால்வாசி அரசாங்க இலாகாக்கள்! நம் ஊரில் பொதுப்பணித் துறையும் கருவூலமும் கோப்பைக்கு மோதினால் எப்படியிருக்கும்? ஆட்டக்காரர்களுக்குத் துறைதான் சம்பளம், துறைதான் ரேஷன். அரிசிக்குக் கூப்பன் வாங்கி வரிசையில் நின்ற காலம் அது. முதல் சாம்பியன் அதே ரயில்வே. அப்பா வேலை பார்த்த சுங்கத்துக்கும் ஓர் அணி இருந்ததில் எனக்குத் தனிப் பெருமை. அடுத்த இரண்டு முறையும் ராணுவ அணி. 1984இல் ஹனோய் போலீசு. 1985இல் ஹா நாம் நின் மாகாண அணி. நாம் தின் அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது. பேரனிடம் நான் சொன்னது இதைத்தான்.

1982இல் வந்த ஒரு கடிதம்தான் நான் சொல்ல வந்தது.

அந்தத் தடவை சித்திக்கு எழுதிய பக்கத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அடியில் எனக்கு வழக்கமான பத்து வரி. துறைமுகம் யாரோடு ஆடியது, யார் பந்தைக் கோட்டை விட்டது. ஏழாவது வரியில், "இந்த ஞாயிறு எங்களுக்கு இரண்டு டிக்கெட். இரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அது இளைத்துவிட்டது, ஆனால் நன்றாகக் கத்துகிறது" என்றிருந்தது.

நான் அதை ஆட்டக்காரரின் சட்டை எண் என்று நினைத்துவிட்டேன். ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் இவர் எப்படி உட்கார்ந்தார், மாமாவின் பிரெஞ்சு துருப்பிடித்துவிட்டது என்று கேலி செய்துகொண்டே சித்திக்கு வாசித்துக் காட்டினேன். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். "இரண்டு என்றா எழுதியிருக்கிறான்? ஹாய் என்றா?" என்று கேட்டார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

சித்தி சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். ஏழு வருஷம் கழித்து அண்ணன் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்ட சேதி, ஒரு கால்பந்து ஆட்டத்துக்குள் ஒளிந்து புதுச்சேரி வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி சித்தி கடைசிச் சொட்டு நுவோக் மாமை ஊற்றிச் சமைத்தார்.

அதன்பிறகு என் பத்து வரியை நான் வாசிக்கும்போதெல்லாம் சித்தியும் பக்கத்தில் வந்து உட்காருவார். பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "இரண்டு என்ன செய்தது?" என்று மட்டும் கேட்பார்.

1986இல் துறைமுகம் சாம்பியன் ஆனது. அந்த லீக்கைத் தெற்கத்தி அணி ஒன்று ஜெயித்தது அதுதான் முதல் முறை. பயிற்சியாளர் தாம் லாங், 1966இல் தெற்கு வியட்நாம் மெர்டேக்கா கோப்பையை ஜெயித்தபோது தலைவராக இருந்தவர். பத்து வரிக் கணக்கெல்லாம் பறந்துபோய், மாமா மூன்று பக்கம் எழுதியிருந்தார். அண்ணனும் தம்பியும் தொண்டை கட்டி இரண்டு நாள் பேசவில்லையாம்.

2000-01இல் லீக் தொழில்முறை லீக் ஆனது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இலாகாக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து கம்பெனிப் பெயர்கள் வந்தன. 2003, 2004இல் நாற்காலி மேசை செய்யும் கம்பெனியின் அணி. அடுத்த இரண்டு வருஷமும் டைல்ஸ் கம்பெனியின் அணி. "குமாஸ்தாக்களின் காலம் முடிந்தது, மருமகனே" என்று மாமா எழுதினார். நானும் அப்போது ஓய்வு பெறும் வயதில் இருந்தேன்.

இப்போது சித்தப்பா, சித்தி, இரண்டு மாமாக்கள், யாருமே இல்லை. கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. பேரனுக்கு 1982 கடிதத்தை எடுத்துக் காட்டினேன். ஏழாவது வரியை அவனே எழுத்துக் கூட்டிப் படித்தான். "தாத்தா, அந்த மேட்சில் யார் ஜெயித்தது?" என்று கேட்டான்.

திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மாமா அதை எழுதவே இல்லை.